சுழலும் வரைபடம்

மைசூரு அக்ரஹாரத்தில் யாரிடமாவது வழி கேட்டால், தெரு எண் வருவதற்கு முன் நூற்றொரு கணபதி கோயில் வந்துவிடும். வடக்கே அரண்மனை, தென்கிழக்கே சாமுண்டி மலை என்று இரண்டு பெரிய அடையாளங்கள் இருக்கும் இடத்தில் திசை தப்புவது கடினம். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அதே பகுதிக்கு வரும் டெலிவரி இளைஞருக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்? கைப்பேசி ‘இடப்பக்கம்’ என்றால் திரும்புகிறார்.

அவரைக் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. வெளியூர்க்காரரை ஆட்டோவில் ஊர் சுற்றிக் காட்டிக் காசு பறிப்பது வரைபடச் செயலி வந்தபின் அவ்வளவு சுலபமில்லை. இரவில் தனியாக வரும் பெண் யாரிடமும் நின்று கேட்க வேண்டியதில்லை. அதோடு, அக்ரஹாரத் தெருக்களில் வழி கேட்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்ததுமில்லை. ‘யார் வீட்டுக்கு? எந்த ஊர்?’ என்ற விசாரணைக்கு அடியில் பெரும்பாலும் சாதி இருக்கும். கைப்பேசி அதைக் கேட்பதில்லை. வழி கேட்டு நடந்த காலத்தை நினைத்து உருகுபவர்கள் இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 2017இல் நரம்பியல் ஆய்வாளர் ஹ்யூகோ ஸ்பியர்ஸின் குழு, லண்டனின் சோஹோ தெருக்களைத் திரையில் காட்டி, வழி தேடுபவர்களின் மூளையைப் படம்பிடித்தது. தாங்களே தேடியவர்களுக்குப் புதுத் தெருவில் நுழையும்போது, நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. வழிகாட்டி சொன்னபடி போனபோது அப்படி ஆகவில்லை. அதே ஊர் டாக்ஸி ஓட்டுநர்கள் சுமார் 25,000 தெருக்களைப் படித்துத் தேர்வெழுதுபவர்கள். தேறியவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்புறம் வளர்ந்திருந்ததை எலினோர் மக்வயரும் கேத்தரின் வூலெட்டும் 2011இல் காட்டினர். அதற்கு ஒரு விலையும் இருந்தது: புதிய உருவங்களை நினைவில் நிறுத்துவதில் அவர்கள் சற்றுப் பின்தங்கினர்.

அதற்காக, கைப்பேசி மூளையைத் தின்கிறது என்று அலற வேண்டாம். ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் இட நினைவு கூடுதலாகச் சரிந்ததாக 2020இல் வெளியான மான்ட்ரியல் ஆய்வு சொன்னது. ஆனால் மூன்றாண்டு கழித்து அதில் மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான்.

தமிழருக்கு இன்னும் நெருக்கமான சான்று, மொழியியலாளர் எரிக் பீடர்சன் 1990களில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வு. கிராமத்தவர் பலர் கைக்கெட்டும் பொருளைக்கூட வடக்கே, தெற்கே என்று சுட்டினார்கள். நகரத்தவர் இடது, வலது என்றார்கள். பேசாமல் பொருள்களை அடுக்கும்போதும் இந்த வேறுபாடு தலைகாட்டியது. ஆக, திறன்பேசி வருவதற்கு முன்பே நகரவாசி திசையைக் கைவிடத் தொடங்கியிருந்தார். அந்தப் பழக்கத்துக்குத்தான் செயலி தீனி போடுகிறது: வண்டி திரும்பினால் படமும் சேர்ந்து சுழல்கிறது, ஓட்டுபவர் எந்நேரமும் நடுவில். 2024 ஜனவரியில் கூடலூரில் சுற்றுலாப் பயணிகளின் கார், செயலி காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் நின்றது. சாலையைவிடத் திரையை நம்பினால் இப்படித்தான்.

கூகுள் மேப்ஸில் வடக்கை மேலே நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. புறப்படுமுன் முழு வழியையும் பார்த்துக்கொள்ளலாம். இவற்றைத் தேடிப் போகிறவர்கள் குறைவு, கண்முன் வருவது சுழலும் படமே. அடையாளங்களை வைத்து வழி சொல்லும் முறையையும் கூகுள் இந்தியாவில் கொண்டுவந்தது. மீட்டர்க் கணக்கைவிட அது மேல்தான். ஆனாலும் எங்கே திரும்புவது என்று சொல்லுமே தவிர, போகுமிடம் ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வதில்லை.