அரை மணியில் சென்னையா?

மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு 420 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 840 கி.மீ. பயண நேரம் என்ன? பயிற்சி நூல் ஒன்றில் கண்ட கணக்கு இது. விடை: 30 நிமிடம்.

இதைச் செய்துவந்த என் மாணவி ஒருத்தி மறுநாள் கேட்டாள்: "எங்கள் மாமா போன விமானத்துக்கு டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருந்தது சார். கணக்குப் பொய்யா, டிக்கெட் பொய்யா?"

வாசகர்களே, நூலாசிரியர் தந்த எண்களில் குறையில்லை. நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான். ரயில் பாதையின் தூரத்தை விமானத்துக்குப் போடாமல் விட்டாரே, அதற்கே பாராட்டலாம். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் 840 கி.மீ. வேகத்தில் பறப்பதும் உண்மை. ஆனால் எங்கே? ஏறத்தாழ 10 கி.மீ. உயரத்தில்.

அங்கிருந்து இறங்குவதை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள். பயணிகள் விமானம் சுமார் 3 டிகிரி சரிவில் இறங்கும். டேன் 3 டிகிரியின் மதிப்பு 0.0524. பத்தை இதனால் வகுத்தால் 190 கி.மீ. வருகிறது. அதாவது, நேர்கோட்டில் வரும் விமானம் விருத்தாசலம் பக்கம் வரும்போதே சென்னைக்காக இறங்கத் தொடங்க வேண்டும்! ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே தூரம் பிடிக்கும். இரண்டையும் கழித்தால் 420இல் மிஞ்சுவது 40 கி.மீ. நூலாசிரியரின் 840 செல்லுபடியாவது அந்தத் துண்டுக்கு மட்டுமே. அதைக் கடக்க மூன்று நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் வேகம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்ற பொது விதி வேறு.

இனி, ஓடுபாதை. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். மேற்குக் காற்று வீசும் நாளில், தென்மேற்கிலிருந்து வரும் மதுரை விமானம் சென்னையைச் சுற்றிக் கடல் பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். டிக்கெட்டில் உள்ள நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறு ஊரில் நிறுத்துமிடம் சேரும் வரை உள்ள நேரம்; தரையில் ஊர்வதும் அதில் அடக்கம்.

எளிமைப்படுத்துவது குற்றமா என்று கேட்பீர்கள். இல்லை. உராய்வற்ற தளம் என்று சொல்லித்தான் நானும் பாடம் தொடங்குகிறேன். ஆனால் 'உராய்வற்ற' என்று சொல்லிவிடுகிறேன். இங்கே 'சராசரி' என்ற சொல்லே இல்லை. உச்ச வேகத்தைச் சராசரி வேகத்தின் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். சென்னை-டில்லி என்று எடுத்திருந்தாலாவது பரவாயில்லை. 1,760 கி.மீ.க்கு வகுத்தல் விடை 2 மணி 6 நிமிடம். கால அட்டவணையில் இரண்டே முக்கால் மணியை ஒட்டி வரும். கால் பங்குதான் குறைவு. பிழை பாதிக்கும் மேலாகிற குறுந்தொலைவைத் தேடிப் பிடித்துக் கணக்காக்கியிருக்கிறார்.

420 கி.மீ.யை 70 நிமிடத்தில் கடந்தால் சராசரி வேகம் என்ன என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். 360 என்று வரும். மிச்சம் 480 எங்கே போயிற்று என்று மாணவரே தேடியிருப்பார்.

அந்த மாணவிக்கு இத்தனையும் விளக்கினேன். கூடவே, தேர்வில் இந்தக் கணக்கு வந்தால் 30 நிமிடம் என்றே எழுதிவிடு என்றும் சொல்லிவைத்தேன். மதிப்பெண் போய்விடுமே!