அலையும் அலைப்போரும்

தன்வினை, பிறவினை வேறுபாட்டை மாணவருக்கு விளக்க நாம் எடுத்தாளும் சொற்களுள் ஒன்று ‘அலை’. அலைதல் என்றால் திரிதல், வருந்துதல். அலைத்தல் என்றால் பிறரைத் திரியச் செய்தல், வருத்துதல். வேறுபாடு ஓர் ஒற்றெழுத்துத்தான். எனினும் அலைபவன் ஒருவன், அவனை அலைப்பவன் வேறொருவன் என்னும் பெரிய உண்மையை அந்த ஒற்று காத்து நிற்கிறது. இன்று ‘அலை’ என்ற சொல்லை உருவகமாகக் கையாளும் எழுத்திலே அலைப்பவன் மறைந்துவிடுகிறான் என்பதே நமது குற்றச்சாட்டு.

உருவகம் குற்றமன்று. அலையைக் குறிக்கும் ‘திரை’ என்ற சொல்லே முதியோர் தோலின் சுருக்கத்தையும் குறிக்கிறது. வள்ளுவர் பிறவியைப் பெருங்கடலாகக் கண்டார். இவ்வாட்சிகளில் எவருடைய குற்றமும் மறைக்கப்படவில்லை. ‘கடற்கோள்’ என்ற சொல்லையோ நாம் தனியே பாராட்ட வேண்டும். கொள் என்னும் முதனிலை திரிந்து கோள் ஆயிற்று. கொண்டது கடல் என்று சொல்லே கூறிவிடுகிறது. இறையனார் களவியலுரையின் சங்கக் கதை வரலாறா, புனைவா என்பது வேறு பிரச்சினை. அக்கதையில் கொண்டது எது, கொள்ளப்பட்டது எது என்பதில் மயக்கமில்லை.

2004 டிசம்பர் 26இல் கடல் நமது கரையைக் கொண்டது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். துறைமுக அலை எனப் பொருள்படும் ‘சுனாமி’ என்ற யப்பானியச் சொல் அன்றே எமது குடிசைகளுக்குள்ளும் புகுந்தது. ‘ஆழிப்பேரலை’ என்ற தமிழ்த் தொடரும் பரவிற்று. கவிதைகளும் குவிந்தன. தாயாய் இருந்த கடல் பேயாய் மாறியதென்று அவற்றுட் பல புலம்பின. அழுகை உண்மையானது, அதை நாம் குறை கூறோம். ஆனால் சுமாத்திராவில் நிலம் நடுங்கிய பின் அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ 2 மணித்தியாலம் சென்றது. பசிபிக் சமுத்திரத்திற்கு 1949ஆம் ஆண்டிலிருந்தே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்திற்கு 2004இல் அத்தகைய ஏற்பாடு இல்லை. அந்த 2 மணித்தியாலத்தைப் பற்றிப் பாடாத கவிஞன், மனிதர் செய்யத் தவறியதையும் கடலின் கணக்கிலேயே எழுதிவிட்டான்.

அடுத்து வந்ததையும் பார்ப்போம். தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என 2005இல் அரசு விதித்தது. பின்னர் அவ்விதி தளர்ந்தது. அதுவரை, தோணியும் வலையும் ஓரிடம், உறைவிடம் வேறிடம் என்று மீனவன் அலைந்தான். அவனை அப்போது அலைத்தது கடலன்று.

மெய்யான அலையிலேயே மனிதரின் பங்கு இத்தனை என்றால், உருவக அலையைப் பற்றி என்ன சொல்வது? 1983 யூலையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தமையை ‘வன்முறை அலை’ என்று இன்றும் எழுதுகிறோம். நாமே எழுதுகிறோம், பாடக்குறிப்புகளிலும் எழுதுகிறோம். அலைக்கு முகமில்லை, முகவரி தேடும் வேலையுமில்லை. அன்று வந்தவர்களின் கைகளிலோ வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த அலை இடாப்பைப் பார்த்து வீடு பிரித்தது? ஏவினோர், எரித்தோர், பார்த்து நின்றோர் என மூன்று எழுவாய்கள் நிற்க வேண்டிய வாக்கியத்தில் ஓர் இயற்கைப் பொருளை நிறுத்துவது குற்றவாளிக்கு அளிக்கும் பொதுமன்னிப்பு. துன்புற்றவனுக்கோ அது விதியைப் போதிக்கிறது. கடலோடு யார் வழக்காட முடியும்?

‘விலையுயர்வு அலை’, ‘வேலைநீக்க அலை’ என்று எழுதும்போதும் நடப்பது இதுவே. விலையை ஒருவர் உயர்த்துகிறார். வேலையிலிருந்து ஒருவர் நீக்குகிறார். பொருளியல் விதிகள் உண்டு. அவற்றுக்குள்ளும் முடிவு செய்வோர் மனிதரே.

எனவே எழுத்தாள நண்பர்களிடமும் ஆசிரியத் தோழர்களிடமும் நாம் வேண்டுவது சிறிய காரியமே. சமுதாய நிகழ்ச்சியொன்றை ‘அலை’ என்று எழுத நேரும்போது, அதே வாக்கியத்தை அலைத்தல் என்ற பிறவினையில் ஒருமுறை மாற்றி எழுதிப் பாருங்கள். அலைத்தவர் யார் என்ற வினா தானே எழும். அதற்குரிய விடையை வாக்கியத்தின் எழுவாயாக அமைத்து எழுதுவதே மக்கள் இலக்கியத்தின் கடமை.