பல்கலைக்கழக மாற்றங்களும் ஆசிரியர் அவைகளும்

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கி, 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபின் அதனைச் சார்ந்து, 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்ததன் பயனாக மீண்டும் சென்னைக்கே திரும்பி, 1966-இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகத்துக்கும், 1990-இல் நெல்லையில் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் மாறிய வரலாறு, ஒரு கல்லூரி தான் நின்ற இடத்தைவிட்டு அசையாமலே நான்கு பல்கலைக்கழகங்களின் சட்டதிட்டங்களுக்கு உட்பட நேர்ந்த வரலாறாகும். இன்றும் குமரி மாவட்டத்து அஞ்சுகிராமத்திலிருந்து கலைக்கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலரின் பாடமும் பரீட்சையும் அப்பல்கலைக்கழகத்தின் அபிஷேகப்பட்டி வளாகத்தில் கூடும் அவைகளில் தீர்மானமாகின்றன. அவ்வவைகளில் ஆசிரியர் குரல் எவ்வாறு ஒலிக்கிறது, அங்கு எடுத்த முடிவின் காரணம் வகுப்பறை வரையில் எவ்வாறு வந்து சேர்கிறது என்னும் இரண்டும் ஆராயத்தக்கவை.

பல்கலைக்கழகத்தை ஆசிரியரும் சேர்ந்து ஆளவேண்டும் என்னும் கொள்கை நேற்று வந்ததன்று. 1923-ஆம் ஆண்டுச் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் கல்வி விவகாரங்களுக்கெனத் தனிப் பேரவை ஒன்றை ஏற்படுத்தியது. ஆட்சிப்பேரவையிலும் ஆட்சிக்குழுவிலும் பாடத்திட்டக்குழுவிலும் ஆசிரியப் பிரதிநிதிகள் நெடுங்காலமாக அமர்ந்து வருகின்றனர். ஒரு பாடத்தைப் பல்லாண்டு நடத்தியவர், எப்பகுதியில் மாணவர் தடுமாறுவர், எந்த நூல் நூலகத்தில் அகப்படாது, எந்தச் சோதனைக்கு ஆய்வகத்தில் கருவியில்லை என்பனவற்றை அனுபவத்தால் அறிவார். அவ்வறிவு எந்த அதிகாரியின் கோப்பிலும் இராது. இம்முறையின் மெய்யான பலம் இதுவே. இதனால் காரியம் தாமதப்படும் என்பார்க்கு, மாணவன் மூன்றாண்டு படிக்கப்போகும் பாடத்தைச் சில மாதம் பொறுத்து ஆலோசிப்பதில் நஷ்டம் ஏதுமில்லை என்பேன்.

குறை எங்கே என்பதற்கு 2023-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி தக்க சான்று. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் கலை அறிவியல் பாடங்களுக்கு மாதிரிப் பாடத்திட்டம் வகுத்து, மாநிலமெங்கும் அதனை நடைமுறைப்படுத்த அரசு முற்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டம் மற்றொன்றின் பட்டத்துக்கு நிகர் என்று சான்று காட்ட அலையும் மாணவனின் துன்பத்தைத் தீர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று; அந்நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், தமிழகத்தில் 1978 முதல் தாமே பாடம் வகுக்கும் உரிமை பெற்றுவந்த தன்னாட்சிக் கல்லூரிகள் ஆட்சேபித்தன. ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்தன. ஆகஸ்டில், தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே முடிவு செய்யலாம் என்று உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார். அதே மாதத்தில், அத்திட்டம் கட்டாயமன்று என்று ஆளுநர் துணைவேந்தர்களுக்கு எழுதினார். அதற்குள் கல்வியாண்டு தொடங்கிவிட்டிருந்தது.

அப்பாடத்திட்டத்தை வகுத்தவர்களும் பேராசிரியர்களே. ஆகையால் ஆசிரியர் கலந்துகொள்ளவில்லை என்று சொல்ல இயலாது. ஆனால், குழுவில் அமர்ந்த சிலருக்குத் தெரிந்த காரணம், கரும்பலகையின் முன் நிற்கும் பலருக்குப் போய்ச் சேரவில்லை. பங்கேற்பு ஒன்று, தெரிவித்தல் மற்றொன்று. முன்னது இருந்தால் பின்னது தானே விளையும் என்று நம்பியதே பெரும்பிழை. சுற்றறிக்கை ஆணையைச் சுமந்து வரும். அவ்வாணைக்கு முன் எவ்வெவ் வழிகள் ஆலோசிக்கப்பட்டன, யார் மாறுபட்டார், அம்மாறுபாடு ஏன் தள்ளப்பட்டது என்பதை அது சுமந்து வருவதில்லை. காரணம் தெரியாதவன் வதந்தியை நம்புவான். அது அவன் குற்றமன்று.

ஆசிரியர் பக்கத்திலும் குறையுண்டு. தேர்தலில் வென்று பேரவைக்குச் செல்லும் பிரதிநிதி, திரும்பிவந்து தம்மைத் தேர்ந்தவரைக் கூட்டி நடந்ததைச் சொல்லும் கடமை எங்கும் சம்பிரதாயமாக வேரூன்றவில்லை. அப்பணியைப் பெரும்பாலும் மூட்டா போன்ற ஆசிரியர் சங்கங்களே செய்கின்றன. அது பாராட்டுக்குரியதே எனினும், சங்கம் போராடுவதற்காக அமைந்தது. அதன் செய்தியில் போராட்டத்தின் சூடு கலந்தே இருக்கும். பல்கலைக்கழகம் பேசாதிருந்து, சங்கம் பேசுவதைப் பக்ஷபாதம் என்று குறைகூறுவது நியாயமாகாது.

இவ்வளவுக்கும் அப்பால், சுயநிதிப் பிரிவில் குறைந்த சம்பளத்துக்கு, வேலை உறுதியின்றிப் பணிசெய்யும் ஆசிரியர் நிலையே என்னை மிகவும் வருத்துகிறது. மாற்றத்தின் பாரத்தை வகுப்பில் சுமப்பவருள் அவர் தொகை பெரிது. எதிர்த்தொரு சொல் சொன்னால் அடுத்த ஆண்டு பணி இருக்குமோ என்னும் அச்சமோ அதனினும் பெரிது. துறைக்கூட்டத்தில் அவர் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது தகாது. வரைவு நிலையிலேயே பாடத்திட்டத்தை ஒவ்வொரு துறைக்கும் அனுப்பி, பெயர் குறிப்பிடாமல் எழுத்தில் அபிப்பிராயம் பெற்று, பாடத்திட்டக்குழு அவற்றுக்குத் தரும் விடைகளை நடவடிக்கைக் குறிப்போடு வெளியிடுவதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; பதிவாளர் அலுவலகமும் கல்லூரி முதல்வர்களும் சிரத்தை எடுத்தால் வரும் பருவத்திலேயே அதனைத் தொடங்கலாம்.