ஊசியும் திருமறையும்: ஜெர்மானிய மாதிரித் துணிகள் பற்றி ஒரு மதிப்பீடு

நீண்டு ஒடுங்கிய லினன் துணி ஒன்று. அதன் தலைப்பில் எழுத்து வரிசைகள். அவற்றின் கீழே மரத்தின் இருபுறமும் ஆதாமும் ஏவாளும் நிற்கின்றனர். அடிமரத்தைப் பாம்பு சுற்றியிருக்கிறது. அருகே சிலுவையில் தொங்கும் ஆண்டவர். சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டைவிடப் பெரியதாக ஒரு கிளி. பின்னும் கலைமான், மயில், கிரீடம், பூச்சாடி. ஓர் ஓரத்தில் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் நாட்டுச் சிறுமியர் பூந்தையல் பயின்ற மாதிரித் துணிகள் பல இத்தோற்றம் உடையன. ஜெர்மானியர் இவற்றை 'முஸ்டர்டூக்' என்பர். நியூரெம்பர்க் நகரிலுள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்திலும், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இத்தகையவற்றைக் காணலாம்.

இவற்றைப் 'பெண்மக்கள் ஊசியால் எழுதிய விசுவாச அறிக்கை' என்று போற்றும் வழக்கம் திருச்சபை வட்டாரங்களில் உண்டு. மானைக் கண்டால் 42ஆம் சங்கீதம். மரத்தைக் கண்டால் ஜீவவிருட்சம். நட்சத்திரத்தைக் கண்டால் பெத்லெகேம். தையலின் பெயரே ஜெர்மன் மொழியில் 'சிலுவைத் தையல்' என்று பொருள்படுதலால், இட்ட ஒவ்வொரு தையலும் ஒரு சிலுவை என்று பிரசங்கத்தை முடிப்பாரும் உளர். கேட்பதற்கு இனிதே. ஆயினும், திருமறையின் ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் தேடிய இடைக்காலப் பொருள்கோளைச் சீர்திருத்தத் தந்தையர் எதனால் மறுத்தனரோ, அதே காரணத்தால் இவ்விளக்கத்தையும் நாம் ஐயுற வேண்டியவராகிறோம். மூலம் சொல்லாததை விளக்குவோன் சொல்லி, அதனை மூலத்தின் வாயில் இடுகிறான்.

அம்மான் எங்கிருந்து வந்தது? 1520களின் தொடக்கத்திலேயே ஆக்ஸ்பர்க் நகரில் யோகான் ஷோன்ஸ்பெர்கர் என்பார் தையல் மாதிரி நூல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். நியூரெம்பர்க்கில் யோகான் சீப்மாகர் 1597லும் 1601லும் வெளியிட்ட மாதிரி நூல்களில் உருவங்கள் சதுரக் கட்டங்களில் அமைந்திருந்தன. கட்டத்தை எண்ணி இழையை எண்ணினால் உருவம் துணிக்கு வந்துவிடும். இதே சீப்மாகர் 1605இல் புகழ்பெற்ற குலச்சின்ன நூல் ஒன்றையும் வெளியிட்டார் என்பது நோக்கற்பாலது. சிங்கமும் கழுகும் மானும் குலச்சின்னங்களில் வாழ்ந்த விலங்குகள். அவ்வூரிலேயே ரோசினா ஹெலேனா ஃபூர்ஸ்ட் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாதிரி நூல்களை வெளியிட்டார். மரியா சிபில்லா மேரியன் 1675 முதல் மலர்ச் சித்திர நூலை வெளியிட்டு, செல்வர் வீட்டுப் பெண்களுக்குச் சித்திரமும் தையலும் கற்பித்தார். ஆகவே துணியில் நிற்கும் மான் சங்கீதத்தின் நீரோடையை நாடி வந்ததோ, பிரபுவின் கேடயத்திலிருந்து இறங்கி வந்ததோ, அதன் உருவத்தை மட்டும் கொண்டு எவரும் துணிந்து கூறுதல் இயலாது.

இழையை எண்ணித் தைக்கும் முறையே உருவங்களைத் தெரிந்தெடுத்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. நடுவில் ஒரு மரம். ஒரு பக்கத்தைத் தைத்து முடித்தால், எண்ணிக்கையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தைத்துவிடலாம். ஆதாம் ஏவாள் காட்சி நெடுங்காலம் நிலைத்ததற்கு மூல பாவக் கோட்பாடு ஒரு காரணமாயின், இவ்வசதி மற்றொரு காரணம்.

எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தில் எஸ்கோல் பள்ளத்தாக்கினின்று இருவர் திராட்சைக் குலையைத் தடியில் தூக்கி வரும் காட்சி இத்துணிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தூக்கி வந்தோர் பெயரைத் திருமறை கூறவில்லை. யோசுவா, காலேபு என்பது பிற்கால வழக்கு. மரத்தில் தொங்கும் குலையில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைப் பழைய விளக்கவுரைகள் கண்டன. குலைக்கு முதுகு காட்டி முன்னே செல்வோன் இஸ்ரவேல், அதனை நோக்கியவாறு பின்னே செல்வோன் புறஜாதியார் என்றும் கூறின. யூத மக்களைத் தாழ்த்தும் இவ்விளக்கத்தை இன்று நாம் பிரசங்கபீடத்தில் எடுத்தாளத் துணியோம், துணியவும் கூடாது. அது நிற்க, இவ்விளக்கம் முழுவதும் யார் எதை நோக்குகிறான் என்பதையே பற்றி நிற்கிறது. துணியிலோ முகம் என்பது சில தையல்களே. கண் எத்திசை நோக்குகிறது என்பது புலனாவதே அரிது. கோட்பாட்டைத் தாங்கும் நுட்பம் கட்டத்தில் அடங்காமல் உதிர்ந்துவிட, இரு மனிதரும் ஒரு தடியும் ஒரு பெரிய குலையும் எஞ்சின. தேவன் வாக்களித்த நாட்டின் வளம் அப்படியே தெரிகிறது. நம்மைக் கேட்டால், நேர்ப்பொருளை அத்துணி விளக்கவுரைகளைவிட நன்றாகக் காத்தது என்போம்.

பாடுகளின் கருவிகள் வேறு வகையின. ஏணி, ஈட்டி, கடற்காளான் சொருகிய கோல், சுத்தியல், குறடு, ஆணிகள், சேவல், சீட்டுப் போட்ட பகடைகள், தையலில்லாத அங்கி. இவ்வழிபாட்டு மரபு சீர்திருத்தத்துக்கு முந்தியது. லூத்தரன் நாடுகளிலும் அது ஒழிந்துவிடவில்லை. இங்கு மட்டும் ஒரு சலுகை தருவோம். பகடையையும் சேவலையும் சிலுவைக்கு அருகே வைத்தவள் அலங்காரத்துக்காக வைத்தாள் என்று கூற இடமில்லை. பாடுகளின் வரலாறு தெரியாதார்க்கு அவை பொருளற்றவை. தையல் கற்கும் சிறுமி ஒருத்தி, தையலில்லாத அங்கியைத் தைக்கும்போது என்ன நினைத்தாள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கலாம், அவளுக்காக நாம் விடை கூறலாகாது.

1530இல் லூத்தர் தம் முத்திரையிலுள்ள ரோஜாவின் பொருளை நியூரெம்பர்க் நகரச் செயலர் லாசரஸ் ஸ்பெங்லருக்குக் கடிதமாக எழுதினார். கருஞ்சிலுவை, செவ்விதயம், வெண்ரோஜா, நீலவெளி, பொன்வளையம் என ஒவ்வொன்றுக்கும் உடையவரே பொருள் சொன்னார். மாதிரித் துணிக்கு அத்தகைய கடிதம் இல்லை. ஆங்கிலச் சிறுமியர் முழுப்பெயரையும் நீதிப் பாடல்களையும் தைத்து வைத்தனர். ஜெர்மானியத் துணிகளில் பெரும்பாலும் முதலெழுத்துகள் மட்டுமே.

எழுத்து வரிசைகளைக் காட்டி, சீர்திருத்தம் பெண்களுக்கு எழுத்தறிவித்தது என்போரும் உளர். 1524இல் நகர மன்றத்தாருக்கு எழுதிய நூலில், பெண்பிள்ளையும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பள்ளி செல்லலாம் என்று லூத்தர் வாதிட்டது மெய். 1528இல் புகன்ஹாகன் பிரவுன்ஷ்வைக் நகரின் சபை ஒழுங்கில் பெண்பள்ளிகளுக்கு இடம் வகுத்ததும் மெய். ஆனால் துணியிலுள்ள எழுத்துகள் வேறு வேலைக்கு உரியன. படுக்கை விரிப்பும் மேசைத் துணியும் சலவைக்குச் சென்று மீளும்போது இன்னார் வீட்டது, இத்தனையாவது என்று அறிய, ஓரத்தில் எழுத்தும் எண்ணும் தைக்கப்பட்டன. அதற்கான பயிற்சியே இது. ஒரு மணி நேரம் போக எஞ்சிய நாள் முழுதும் ஊசிக்கு உரியதாயிற்று என்பதை நாம் பக்தியின் பெயரால் மூடி மறைத்தல் நேர்மையன்று.

அப்படியாயின் இவை பார்த்துத் தைத்த வெறும் பயிற்சியோ? அம்முடிவும் பிழையே. நம் திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் வினாவிடையை மனனமாக ஒப்புவிக்கின்றனர். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லும் அவர்களுடையதன்று. அதனால் அவர்கள் விசுவசிக்கவில்லை என்று எந்த ஆயரும் கூறார். ஒப்புவித்ததனாலேயே விசுவசிக்கின்றனர் என்றும் அறிந்த ஆயர் கூறார். மாதிரித் துணி நமக்குச் சொல்வது, ஒரு வீடும் ஊரும் தம் பெண்மக்களின் கைக்கு எவற்றைப் பழக்க விரும்பின என்பதே. ஏதேனும் கிளியும், கொல்கொதாவும் சலவைக் கணக்கும் ஒரே துணியில், ஒரே நூலில், அளவு வேறுபாடு பாராது வைக்கப்பட்டன. அவ்வூரார் விசுவாசத்தை வீட்டுவேலையினின்று பிரித்து வைக்கவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்வதில் நமக்குத் தடையில்லை. அதற்கு மேல் செல்ல மாட்டோம்.

19ஆம் நூற்றாண்டில் பெண்பள்ளிகளில் தையல் பாடமாக வகுக்கப்பட்டபின், துணியின் தோற்றம் மாறியது. பின்னாளைய பள்ளித் துணிகள் பலவற்றில், வெள்ளைத் துணியில் சாயம் போகாத சிவப்பு நூலால் எழுத்துகளும் எண்களும் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆதாம் இல்லை, ஏவாள் இல்லை, திராட்சைக் குலை தூக்குவோரும் இல்லை. கிளியும் போய்விட்டது.