முன்பின் தெரியாத முகங்கள்

சிகாகோவில் கடன்பத்திர வர்த்தகம் பார்த்துவந்த பிராண்டன் ஸ்டாண்டனுக்கு வேலை போனது. 2010இல் கேமராவோடு நியூயார்க் வந்து சேர்ந்தார். 10,000 பேரைப் படமெடுத்து நகர வரைபடத்தில் பொருத்துவதுதான் முதல் திட்டம். பிறகு, படத்தின் கீழே அந்த மனிதர் சொன்ன ஓரிரு வரிகளைச் சேர்த்தார். ‘ஹியூமன்ஸ் ஆஃப் நியூயார்க்’ என்ற அவருடைய புகைப்பட வலைப்பதிவுக்கு உயிர் வந்தது அங்கேதான்.

எனக்கு அவர் படங்களைவிடக் கேள்விகள் பிடிக்கும். தெருவில் போகிறவரிடம், உங்கள் வாழ்க்கையின் பெரிய போராட்டம் எது என்கிறார். அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவும் நெஞ்சில் ஈரம் வேண்டும்.

2015இல் நியூயார்க்கின் புரூக்ளினில், பிரவுன்ஸ்வில் பகுதியில் ஒரு பள்ளிச் சிறுவன். உன்னை அதிகம் பாதித்தவர் யார் என்று கேட்டார். எங்கள் தலைமையாசிரியை என்றான். தப்பு செய்தால் பள்ளியைவிட்டு அனுப்பமாட்டார், கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். ஒருமுறை ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொல்லி, நீ முக்கியமானவன் என்றாராம். அந்த ஒரு பதிலைப் படித்தவர்கள் பள்ளிக்காகத் திரட்டிய தொகை 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

ஸ்டாண்டனின் முதல் புத்தகம் 2013இல் வந்தது. கைக்குக் கிடைத்தால் படங்களை மட்டும் புரட்டிவிட்டு வைத்துவிடாதீர்கள். கீழே உள்ள வரிகளையும் நிதானமாகப் படியுங்கள்.