அறிவியல் ஆசிரியர்களுக்குத் தொகுப்பாய்வுப் பயிற்சி: பலமும் பலவீனமும்

ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் முடிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒருங்கே கணிப்பது மெட்டா அனாலிசிஸ் எனப்படும் தொகுப்பாய்வு. அந்தப் பெயரை 1976-இல் வைத்தவர் ஜீன் கிளாஸ். இந்தோனேசியாவில் பள்ளி ஆசிரியர்கள் இவ்வகைக் கட்டுரை எழுதப் பயிலரங்குகளே நடந்திருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் குமணன்சாவடி, பூந்தமல்லி வட்டார அறிவியல் ஆசிரியர்களுக்கும் இப்பயிற்சி வேண்டும். ஆனால் கட்டுரையை அச்சேற்றுவது அதன் இலக்காகிவிடக் கூடாது.

முதலில் அதன் பலம். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் கற்பித்தல் முறைகளை ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேரும், மாணவர்கள் தாங்களே ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் சுமார் 22 சதவீதம் பேரும் தோற்றார்கள். தனியொரு ஆய்வால் இத்தனை உறுதி தர முடியாது. ஆனால் அவையெல்லாம் கல்லூரி வகுப்புகள். ஐம்பது பிள்ளைகள் உட்காரும் ஒன்பதாம் வகுப்புக்கு அது பொருந்துமா? பயிற்சி பெற்ற ஆசிரியர் உடனே இதைக் கேட்பார். புதுப்புதுக் கற்பித்தல் முறைகள் மேலிருந்து வரும்போது, ஆதாரம் எங்கே என்று கேட்க இந்த அறிவு துணை நிற்கும்.

பலவீனம், தொகுக்கப்படும் ஆய்வுகளில் இருக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிறந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாய்வும் (ஆசிரியர் தம் வகுப்பிலேயே செய்யும் ஆய்வு) ஒரு பணி. திருவள்ளூர் மாவட்டத்துக்கான நிறுவனம் திரூரில் இருக்கிறது. முன்தேர்வு, கற்பித்தல், பின்தேர்வு என்பதே செயலாய்வில் பழகிய வழி. ஒப்பீட்டுக் குழு இல்லாதபோது, பிள்ளைகள் இயல்பாகக் கற்றதும் புதிய முறையின் கணக்கில் ஏறிவிடும். இப்படிப்பட்ட பத்து ஆய்வுகளைக் கூட்டினால் பிழை கழியாது. ஒரே பக்கம் சாய்ந்த பிழை, உண்மைபோல் இறுகிவிடும். தரமற்ற ஆய்வுகளைக் கலப்பதை 1978-இலேயே ஹான்ஸ் ஐசெங்க் கடுமையாகச் சாடினார்.

பலன் தராத முயற்சிகள் வெளியே வராமல் போவது அடுத்த சிக்கல். 1979-இல் ராபர்ட் ரோசந்தால் இதைச் சுட்டிக்காட்டினார். நம் எம்.எட். ஆய்வேடுகளில் பல கல்லூரி நூலகத்தைத் தாண்டுவதில்லை. வெற்றிகளை மட்டும் கூட்டி எடுத்த சராசரி யாருக்கு உதவும்? கட்டுரை வெளியிடுவதோடு பதவி உயர்வையும் முடிச்சுப் போட்டால், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்குத்தான் கொண்டாட்டம்.

ஆகவே இரண்டு நாள் பயிலரங்கு போதாது. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் வழியே பயிற்சி ஓராண்டு நடக்கட்டும். ஒவ்வொரு செயலாய்வு அறிக்கையிலும் மாணவர் எண்ணிக்கை, சராசரி, திட்டவிலக்கம் மூன்றும் இருக்கட்டும்; தோல்வியும் பதிவாகட்டும். ஒரே ஆய்வை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடட்டும். தொகுத்த முடிவை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் படித்து மறுநாளே வகுப்பில் பயன்படுத்தும்படி, இரண்டு பக்கத் தமிழ் அறிக்கையாக எழுதட்டும். ஆய்வுகளை நிறுத்துப் பார்க்கத் தெரிந்த ஆசிரியரை உருவாக்குவதே இந்தப் பயிற்சியின் பயன். கல்வித்துறை அதற்கு நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும்.