வென்றவர் வெறுத்த ஆட்டம்

விளையாட்டு வீரர்கள் எழுதும் சுயசரிதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வறுமை, உழைப்பு, வெற்றி, நன்றி என்னும் நான்கு படிகளில் ஏறி, “நீயும் முயன்றால் ஆகலாம்” என்று வாசகரின் முதுகைத் தட்டி அனுப்பிவிடும். டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸி 2009-இல் வெளியிட்ட ‘ஓப்பன்’ என்னும் நூல் அவ்வச்சில் அடங்காதது. எட்டுக் கிராண்ட் ஸ்லாம் பட்டங்களை வென்ற அவர், தாம் அந்த ஆட்டத்தை வெறுத்ததாக நூலின் முகப்பிலேயே கூறுகிறார். விளம்பரத்துக்காகச் சொன்ன பேச்சென்று இதனைத் தள்ளிவிடலாகாது. அவ்வெறுப்பு எங்கே பிறந்தது என்று ஆராய்வதே இந்நூலைப் படிப்போர் கடமை என்பது நமது அபிப்பிராயம்.

அவருடைய தந்தையார் ஈரானிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1948, 1952 ஒலிம்பிக் பந்தயங்களில் ஈரானுக்காகக் குத்துச்சண்டை செய்தவர். லாஸ் வேகஸில் தம் வீட்டுக் கொல்லையில் டென்னிஸ் தளம் அமைத்து, பந்தெறியும் இயந்திரம் ஒன்றைத் தம் கையாலேயே திருத்தி, ஏழு வயது மகனை அதன்முன் நிறுத்தினார். மகன் அதற்கு இட்ட பெயர் ‘டிராகன்’. நாளொன்றுக்கு 2,500 பந்துகள்! ஆண்டுக்குப் பத்து லட்சம் பந்து அடிக்கும் பிள்ளையை எவராலும் வெல்ல இயலாதென்பது தந்தையார் போட்ட கணக்கு. தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாமும் பெருக்கிப் பார்த்தோம். 2,500-ஐ 365-ஆல் பெருக்க 912,500 ஆகிறது. பத்து லட்சத்துக்கு அண்மையில் வந்துவிட்டது. ஆயின் அக்கணக்கில் ஓய்வுக்கென்று கழித்த நாள் ஒன்றேனும் உண்டோ? பெரட்டுக்கு நிற்கும் தொழிலாளிக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு. இப்பிள்ளைக்கு அதுவும் இல்லை.

பதின்மூன்றாம் வயதில் ஃபுளோரிடாவில் நிக் பொலட்டியரி நடத்திய பயிற்சிக் கூடத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1992-இல் விம்பிள்டனில் வென்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது, நான்காம் செட்டை இழந்தது ஏன் என்ற கடிந்துரையே தந்தையாரிடமிருந்து முதலில் வந்ததாம். 1995-இல் உலகின் முதலிடம் கிட்டியபோது உள்ளத்தில் ஒன்றும் தோன்றவில்லை என்கிறார். தோல்வி தரும் துன்பத்துக்கு வெற்றி தரும் இன்பம் ஈடாகவில்லை என்றும் எழுதுகிறார். 1997-இல் 141-ஆம் இடத்துக்கு வீழ்ந்தார், போதைப்பொருளும் உட்கொண்டார், பரிசோதனையில் அகப்பட்டபோது பொய் கூறித் தப்பினார். இவற்றை மறையாமல் எழுதியமை நூலின் சிறப்பு.

இந்நிலையை ஆங்கிலத்தில் ‘பர்ன்-அவுட்’ என்பர். உள்ளம் எரிந்து கருகிப்போதல் என நாம் சொல்லலாம். நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் உழைத்தவர்களைக் கண்டு 1974-இல் ஃப்ராய்டன்பர்கர் என்னும் உளநூலார் இச்சொல்லை ஆண்டார். உழைப்பாளரைப் பற்றிய சொல் பின்னரே ஆடுகளத்துக்கு வந்தது. 1986-இல் ரானல்ட் ஸ்மித் என்பார், பளு தன் வலிமைக்கு மிஞ்சியதென்றும் பாடுபட்டும் பயனில்லை என்றும் ஒருவன் எண்ணத் தொடங்குவதே சோர்வுக்கு வழி என விளக்கினார். எண்ணத்தைத் திருத்தினால் சோர்வு தீரும் என்பார்க்கு இது பிடிவாதமான ஆதாரமாயிற்று. 1992-இல் ஜே கோக்லி என்னும் சமூகவியலார் இதனை மறுத்தார். பிள்ளையின் வாழ்வு முழுவதும் ஒரே ஆட்டத்துக்குள் அடைபட்டு, அவ்வாழ்வை நடத்தும் அதிகாரமும் பிறர் கையில் இருக்குமானால், சோர்வுக்கு அவ்வமைப்பே பொறுப்பு என்றார்.

இவ்விரு கட்சியில் அகாஸியின் வாழ்வு எதற்குச் சாட்சி? 1997-இல் ஸ்டட்கார்ட் நகரில், விலகிவிடு அல்லது அடியிலிருந்து தொடங்கு என்று பயிற்சியாளர் பிராட் கில்பர்ட் கூற, அவர் தொடங்கினார். சிறு பந்தயங்களில் ஆடினார். 1999-இல் பிரெஞ்சுப் பட்டம் வென்றார். எட்டுப் பட்டங்களில் ஐந்து இம்மீட்சிக்குப் பின் வந்தவை. 2001-இல் லாஸ் வேகஸில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் திறந்தார். பந்து அதே பந்துதான். உழைப்போ முன்னினும் அதிகம். மாறியது யாது? முன்னர்ப் பிறர் தெரிந்தெடுத்த வழியில் நடந்தார். பின்னர்த் தாமே தெரிந்தெடுத்து நடந்தார். வெறுப்பு அறவே ஒழிந்ததென்று அவர் சொல்லவில்லை. ஆயினும் தாங்கும் வலிமை பிறந்தது. கோக்லியின் கட்சியே வலுப்பெறுகிறது.

குறைகளும் உள. எழுத்துப் பணியில் துணைபுரிந்தவர் மோரிங்கர் என்னும் பத்திரிகையாளர். அவர் பெயர் அட்டையில் இல்லை, நன்றியுரையில்தான் உண்டு. பாலப்பருவத்து உரையாடல்கள் சொல்லுக்குச் சொல் வரும்போது, எவருடைய நினைவு, எவருடைய கைவண்ணம் என்ற ஐயம் எழுகிறது. பெரிய குறை வேறு. தந்தையின் கொடுமையும் நண்பரின் அன்புமே கதையாகிவிட்டன. அதே கூடத்தில் அதே வெயிலில் பந்தடித்து, பட்டமும் பெறாது படிப்பும் பெறாது திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? கருகி மீண்டவருக்கு நூல் உண்டு; கருகியே போனவருக்கு யார் எழுதுவார்?

சோர்ந்தவனைச் சோம்பேறி என்பதும், விலகியவனைக் கோழை என்பதும் நம்மிடையே எளிதாக வரும் சொற்கள். சிமோன் பைல்ஸ் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இடையிலே விலகியபோதும் உலகில் பலர் அவ்வாறே ஏசினர். 2024-இல் பாரிஸில் அவரே மூன்று தங்கப் பதக்கம் வென்றார். பிள்ளைகளை ஆட்டத்துக்கோ பரீட்சைக்கோ விரட்டும் பெற்றோர் இந்நூலைப் படிப்பது நலம். ஆங்கிலம் அறியாதார்க்கு அறிந்தவர் படித்துச் சொல்க. பிள்ளை எத்தனை பந்து அடித்தான் என்று எண்ணுமுன், அடிக்க விருப்பமா என்று ஒருமுறையேனும் அவனைக் கேட்டோமா?